எக்ஸ்ரேயைவிட அந்த மூடியில்லாத தொட்டிதான் என் கவலை

கேட்டவர் ஒரு நர்ஸ். மூன்று வருடம் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவர். எலும்பு அறுவைகளின்போது சி-ஆர்ம் என்ற சி வடிவ எக்ஸ்ரே கருவி ஓடும் இடத்திலேயே நின்றவர். இப்போது, உடம்புக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே மூடியில்லாத தொட்டியில் கருவிகளை ஊறவைக்கும் குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினித் திரவத்தின் நெடியில் கண் எரிகிறது, இரவில் இருமல் வருகிறது. "மாஸ்க் போட்டுக்கொண்டால் போதும்" என்று சொல்லியிருக்கிறார்கள். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணத்தில் இருக்கிறார். மூன்று வருடக் கதிர்வீச்சு உடம்பில் தேங்கியிருக்குமா, எதற்குத்தான் உண்மையில் பயப்பட வேண்டும் என்பது அவர் கேள்வி.

நேராகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே உடம்பில் தேங்காது. சுவிட்சிலிருந்து காலை எடுத்த நொடியே, விளக்கை அணைத்ததும் வெளிச்சம் போவதுபோல அது போய்விடுகிறது. அறைக் காற்றிலோ, மேசையிலோ, நோயாளியின் உடம்பிலோ, உங்கள் துணியிலோ எதுவும் மிச்சமிருக்காது. உடம்பைக் கடந்துபோகும்போது செல்களுக்குள் அது உண்டாக்கும் சிறு சேதம்தான் விஷயம். அதில் பெரும்பகுதியை உடம்பே சரிசெய்துகொள்ளும். சரியாகாமல் போகிற சிறு பங்கு, பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். ஈய ஏப்ரன் போட்டு, ஓரளவு தள்ளி நின்று மூன்று வருடம் வேலை செய்த நர்ஸுக்கு அந்தக் கூடுதல் மிகச் சிறியது. ஆனால் நீங்கள் போகிறபோக்கில் சொன்னீர்களே, இரவு இருமல், அதைப் படித்ததும்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

என் வேலை தொழிலிடச் சுகாதாரம். மருத்துவமனைகளுக்குள் காற்றை அளப்பது, ஊழியர் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜின் அறிக்கைகளைப் பார்ப்பது, யார் எங்கே நின்று என்ன செய்கிறார்கள் என்று கவனிப்பது. இத்தனை வருடமும் நான் பார்த்தது இதுதான்: கதிர்வீச்சுச் சின்னம் ஒட்டிய கதவைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தால் அங்கே விதி இருக்கிறது, அளவு இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. பக்கத்து அறையில் தொட்டியில் இருக்கும் திரவத்துக்குப் பேட்ஜ் கிடையாது. பெரும்பாலும் ஆட்கள் நோயாளிகளாவது அந்தக் கணக்கில்லாத அறையில்தான்.

கதிர்வீச்சுக்கு அந்தக் கணக்கு சும்மா வந்துவிடவில்லை. 1895-ல் ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகு பல வருடங்கள், கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தங்கள் கையையே வைத்துப் படம் பார்த்தார்கள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அப்படித்தான் கையை இழந்து, 1904-ல் இறந்தார். எக்ஸ்ரேயாலும் ரேடியத்தாலும் உயிரிழந்த மருத்துவர்கள், விஞ்ஞானிகள், நர்ஸுகளின் பெயர்களைப் பொறித்து 1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். திறந்தபோதே அதில் 169 பெயர்கள். இன்று உங்கள் சட்டையில் குத்தியிருக்கும் சிறிய பேட்ஜுக்குப் பின்னால் அவ்வளவு பேர் இருக்கிறார்கள். அதை அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, எண்களைப் பார்ப்போம். பூமியில் வாழும் யாருக்குமே மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வந்துகொண்டிருக்கிறது. கதிர்வீச்சோடு வேலை செய்பவருக்கு சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20; எந்த ஒரு வருடமும் 50-ஐத் தாண்டக்கூடாது. ஏப்ரன் போட்டுத் தள்ளி நிற்கும் தியேட்டர் நர்ஸின் பேட்ஜ் பெரும்பாலும் வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட்டுக்குள்தான் காட்டும். உங்கள் பழைய அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பதிவு, பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. மூன்று வருடத்தையும் கூட்டிப் பார்த்தால் என் பேச்சைவிட அந்தக் காகிதம் அதிக ஆறுதல் தரும்.

சி-ஆர்ம் பக்கத்தில் நிற்பவருக்குக் கதிர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலரும் எக்ஸ்ரேயை உண்டாக்கும் குழாயைக் காட்டுவார்கள். உண்மையில் பெரும்பகுதி நோயாளியின் உடம்பிலிருந்துதான் வருகிறது. குழாயிலிருந்து கிளம்பிய கற்றை அவர் உடம்பில் பட்டு நாலா பக்கமும் சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் உங்களை எட்டுகிறது. கற்றை உடம்புக்குள் நுழையும் பக்கத்தில் சிதறல் அதிகம். அதனால் குழாயை மேசைக்கு அடியில் வைப்பது நல்லது. பக்கவாட்டில் படம் எடுக்கும்போது குழாய் இருக்கும் பக்கத்தை விட்டு, படம் வாங்கும் பக்கத்துக்குப் போய்விடுங்கள். அப்புறம் தூரம். ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்குப் போனால் வாங்கும் அளவு ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். வார்டில் நடமாடும் எக்ஸ்ரே எடுக்கும்போது இரண்டு மீட்டர் விலகச் சொல்வது இதற்காகத்தான். ஒரு பைசா செலவில்லாத பாதுகாப்பு, ஓர் அடி பின்னால் வைப்பது.

ஏப்ரனைப் பற்றி ஒரு வார்த்தை. அரை மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான ஏப்ரன் சிதறல் கதிரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தடுத்துவிடும், முழுசாக இருந்தால். மடித்து நாற்காலியில் போட்டால் மடிப்பில் விரிசல் விடும். வெளியே துணி பளபளப்பாகவே இருக்கும். தொங்கவிட வேண்டும், வருடத்துக்கு ஒருமுறையாவது எக்ஸ்ரேயில் வைத்தே சோதிக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் மூடும் ஏப்ரனைப் போட்டுக்கொண்டு நோயாளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றால் அது இல்லாததற்குச் சமம்.

கண்ணை மட்டும் லேசாக நினைக்காதீர்கள். லென்ஸுக்கான வரம்பு முன்பு வருடத்துக்கு 150 மில்லிசீவர்ட்டாக இருந்தது. குறைந்த அளவிலேயே கண்புரை வருகிறது என்று தெரிந்த பிறகு 2011-ல் அதை 20-க்கு இறக்கினார்கள். இதயக் குழாய்ச் சிகிச்சை செய்யும் கேத் லேபில் நோயாளிக்கு மிக அருகில் நாளெல்லாம் நிற்பவர்களுக்கு இது நிஜமான ஆபத்து. ஈயக் கண்ணாடியும், கூரையிலிருந்து தொங்கும் ஈயத் திரையும் அவர்களுக்குக் கட்டாயம். எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் இரண்டிலும் இந்த வகைக் கதிர்வீச்சே கிடையாது. எம்.ஆர்.ஐ.யின் ஆபத்து காந்தம். இரும்புச் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகாதவரை உங்கள் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அணு மருத்துவப் பிரிவு மட்டும் வேறு கதை. அங்கே கதிர் வெளியிடும் பொருளையே நோயாளிக்குள் செலுத்துகிறார்கள். நோயாளியே நடமாடும் மூலம். அவருடைய சிறுநீரும் வியர்வையும்கூட. டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகும், பெட் (PET) ஸ்கேனுக்கான ஃப்ளூரின்-18 சுமார் 110 நிமிடத்தில், தைராய்டுக்குக் கொடுக்கும் அயோடின்-131 எட்டு நாளில். பெட் பிரிவில் சாதாரண ஈய ஏப்ரனைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கதிரின் ஆற்றலுக்கு அந்த ஏப்ரன் ஏறக்குறைய ஒன்றுமே செய்யாது. அங்கே காப்பது தூரமும் வேகமும், ஊசிக்கு மாட்டும் டங்ஸ்டன் உறையும்தான். உங்களை அங்கே மாற்றினால் கையுறை, கை கழுவுதல், வெளியே வரும்போது கருவியால் கையைச் சோதித்தல் மூன்றும் தவறக்கூடாது.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருகிறேன்.

எண்டோஸ்கோப்பைக் கொதிக்கவைக்க முடியாது, அதனால் 2 சதவீதக் குளூட்டரால்டிஹைடில் ஊறவைக்கிறார்கள். கிருமியின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து முடக்குவதுதான் அதன் வேலை. உங்கள் மூச்சுக்குழாயின் புரதமும் புரதம்தானே, அதற்கு வேற்றுமை தெரியாது. ஆரம்பத்தில் வெறும் எரிச்சல்: கண்ணீர், மூக்கொழுகல், தலைவலி. இது அளவைப் பொறுத்தது, அறையை விட்டு வந்தால் போய்விடும். ஆனால் சிலருக்கு ஒரு கட்டத்தில் உடம்பின் எதிர்ப்பு அமைப்பு அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்கிறது. அதன் பிறகு, முன்பு ஒன்றும் செய்யாத துளி அளவுக்கே மூச்சு இழுக்கும். அதைத் தொழில்வழி ஆஸ்துமா என்கிறோம். அந்தக் கதவு ஒருமுறை திறந்தால் பெரும்பாலும் மூடுவதில்லை. எதிர்வினை சில மணி நேரம் கழித்தும் வரும். அதனால்தான் வேலை நேரத்தில் நன்றாக இருந்துவிட்டு இரவில் இருமுகிறார்கள், வேலையோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

நான் சந்தித்த ஒரு டெக்னீஷியன் இரண்டு வருடம் "தூசி அலர்ஜி" என்று மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "லீவில் எப்படி இருக்கும்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, போன நீண்ட விடுமுறையில் இருமவே இல்லை என்றார். அதே கேள்வியை உங்களுக்கும் வைக்கிறேன். வார விடுமுறையில் குறைந்து, திரும்பியதும் கூடினால் தள்ளிப்போடாதீர்கள். பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஊதிப் பார்க்கும் சிறு கருவி இருக்கிறது. மூன்று நான்கு வாரம், வேலை நாளிலும் லீவு நாளிலும், தினமும் நான்கு முறை ஊதி எழுதிவையுங்கள். வேலை நாளில் எண் இறங்கி லீவில் ஏறினால் எந்த மருத்துவரும் அதைப் புறக்கணிக்க முடியாது. சீக்கிரம் அந்த நெடியிலிருந்து விலகியவர்களுக்குத்தான் நுரையீரல் நன்றாகத் தேறுகிறது. வருடக்கணக்கில் சகித்துக்கொண்டவர்களுக்கு அப்படி அமைவதில்லை.

மாஸ்க் விஷயம். அறுவை மாஸ்க் உங்கள் எச்சில் துளி நோயாளி மேல் படாமல் தடுக்கச் செய்தது. என்-95 தூசியையும் துளியையும் பிடிக்கும். இரண்டும் ஆவியைத் தடுக்காது. நெடி துணி வழியாக அப்படியே உள்ளே வரும். ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டர்தான் தடுக்கும். அதையும் நான் கடைசியாகத்தான் சொல்வேன், திரவம் கொட்டிவிட்டால் துடைப்பதற்கு. முதலில் கேட்க வேண்டியவை: தொட்டிக்கு மூடி, தொட்டிக்குப் பின்னாலேயே காற்றை இழுத்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட், இன்னும் நல்லது மூடிய தானியங்கிக் கழுவு இயந்திரம். கூரையில் ஒரு விசிறி சுற்றுவது காற்றோட்டம் ஆகாது, ஆவியை அறை முழுக்கப் பரப்புவதுதான் அது செய்வது. லேட்டக்ஸ் கையுறையைக் குளூட்டரால்டிஹைடு ஊடுருவிவிடும். நைட்ரைல் அல்லது பியூட்டைல் ரப்பர் வேண்டும். மாற்றாகச் சொல்லப்படும் ஓ.பி.ஏ. திரவத்துக்கு நெடி குறைவு. ஆனால் அதுவும் ஆல்டிஹைடு குடும்பம்தான், அதற்கும் அலர்ஜி வரும், தோலில் பட்டால் சாம்பல் நிறமாகக் கறை பிடிக்கும். திரவத்தை மாற்றிவிட்டோம் என்று எக்ஸாஸ்ட்டைக் கைவிட்டுவிடக்கூடாது.

மூக்கை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். குளூட்டரால்டிஹைடுக்கு பிரிட்டனின் வரம்பு 0.05 பி.பி.எம்., அதாவது காற்றின் இரண்டு கோடிப் பங்கில் ஒரு பங்கு. மூக்குக்குத் தெரிய ஆரம்பிப்பதும் ஏறக்குறைய அதே அளவில்தான். ஆகவே கண் எரியும்படி நெடி அடிக்கிறது என்றால் அளக்காமலே சொல்லலாம், அளவு கூடிவிட்டது. இதற்கு நேர் எதிர், கருவிகளைக் கிருமிநீக்கும் சி.எஸ்.எஸ்.டி. பிரிவில் இருக்கும் எத்திலீன் ஆக்சைடு வாயு. அமெரிக்காவில் அதன் எட்டு மணி நேர வரம்பு 1 பி.பி.எம். மூக்குக்குத் தெரிவதோ பல நூறு பி.பி.எம்.மில். வாசனை வந்துவிட்டால் வரம்பை நூறு மடங்குக்கு மேல் தாண்டியாயிற்று என்று பொருள். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள், கருச்சிதைவோடும் தொடர்புபடுத்தப்பட்டது. பிளாஸ்டிக், ரப்பர் சாமான்கள் வாயுவை உள்ளே குடித்துவைத்திருக்கும். இயந்திரம் "முடிந்தது" என்றவுடன் அவசரத்துக்குக் கதவைத் திறந்து எடுக்கிறவர் மூஞ்சிக்கு நேராக அதை வாங்குகிறார். சூடான காற்றில் பல மணி நேரம் வைத்து வாயுவை வெளியேற்றும் கட்டத்தை யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் குறைக்கக்கூடாது. அங்கே சுவரில் அலாரம் வைத்த அளவுகருவி இல்லையென்றால் யாரும் நிற்கக்கூடாது.

வெட்டியெடுத்த திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினும் உறுதியான புற்றுநோய்க் காரணிதான். பயாப்ஸி டப்பாவில் இருப்பது 10 சதவீத ஃபார்மலின். டப்பாவை முன்கூட்டியே நிரப்பி வாங்கிவிட்டால் தியேட்டரில் ஊற்றும் வேலையே இல்லை. சுலபமாகத் தீரும் பிரச்சினை இது. ஆனாலும் பெரிய கேனிலிருந்து மூடாத முகத்தோடு ஊற்றுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.

உங்கள் பழைய தியேட்டரில் இன்னொன்று இருந்தது: மயக்க வாயு. நைட்ரஸ் ஆக்சைடும் செவோஃப்ளூரேனும் மாஸ்க் சரியாகப் பொருந்தாத இடத்தில் கசியும். குழந்தைகளுக்கு மாஸ்க் வழியாக மயக்கம் கொடுக்கும்போது இது அதிகம். மயக்க மருத்துவர்களின் உடல்நலத்தையும் கர்ப்பங்களையும் பற்றி 1967-ல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த ஆய்வுதான் முதலில் எச்சரித்தது. அதன் பிறகே கழிவு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஸ்கேவெஞ்சிங் அமைப்பு பரவலானது. அது ஓடும் தியேட்டரில் கவலை குறைவு. பலருக்குத் தோன்றாத இடம் ரெக்கவரி அறை: நோயாளி கண் விழிக்கும்போது வெளியே விடும் மூச்சிலேயே அந்த வாயு இருக்கிறது, அவர் முகத்தின்மேல் குனிந்திருப்பவர் நர்ஸ். கருகும் சதையிலிருந்து வரும் மின்கத்திப் புகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் பென்சீன் முதல் ஹைட்ரஜன் சயனைடு வரை இருக்கிறது. வெட்டும் இடத்துக்குச் சில சென்டிமீட்டருக்குள் உறிஞ்சுகுழாய் வைத்தால் பெரும்பகுதி போய்விடும்.

கர்ப்பத்துக்குத் திட்டமிடும் ஒருவரிடம் நான் மிக அழுத்திச் சொல்வது புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோ மருந்துகளைப் பற்றித்தான். இவற்றின் முதல் தலைமுறை, போரில் பயன்பட்ட கடுகு வாயுவின் நெருங்கிய உறவான நைட்ரஜன் மஸ்டர்டிலிருந்து வந்தது; இன்றும் தினமும் பயன்படும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு அந்தக் குடும்பம். வளரும் செல்லைக் கொல்வதற்கென்றே செய்த மருந்து, கருவிலும் வளரும் செல்தான் இருக்கிறது. 1979-ல் ஃபின்லாந்தில் இந்த மருந்துகளைக் கையாண்ட நர்ஸுகளின் சிறுநீரைச் சோதித்தபோது, மரபணுவில் மாற்றம் உண்டாக்கும் தன்மை அதில் தெரிந்தது. அவர்கள் யாரும் மருந்தைக் குடிக்கவில்லை. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போயிருக்கிறது. புதிய குப்பியின் வெளிப்புறத்திலேயே மருந்து ஒட்டியிருப்பது உண்டு. ஊசியை வெளியே இழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத தூறல் வரும். மாத்திரையை நசுக்கினால் தூள் பறக்கும். கலக்குவது பாதுகாப்புப் பெட்டிக்குள், இரண்டு அடுக்குக் கையுறையோடு, மூடிய குழாய் இணைப்பு வழியாக மட்டுமே நடக்க வேண்டும். ஏற்றி முடித்த பிறகும் குறைந்தது 48 மணி நேரம் நோயாளியின் சிறுநீர், வாந்தி, படுக்கைத் துணி எல்லாவற்றிலும் மருந்து இருக்கும். படுக்கை விரிப்பை உதறாதீர்கள்.

பாதரசமும் ப்ளீச்சும் சுருக்கமாக. பழைய பி.பி. கருவி ஒன்றில் 80 முதல் 100 கிராம் வரை பாதரசம் இருக்கும். உடைந்தால் துடைப்பத்தாலோ வேக்குவம் கிளீனராலோ தொடக்கூடாது, துளியாக்கி ஆவியாக்கிவிடும். அட்டையால் ஒதுக்கி, ஊசியில்லா சிரிஞ்சால் உறிஞ்சி, மூடிய பாட்டிலில் போடுங்கள். பாதரசம் பற்றிய சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையின்படி 2020-க்குப் பிறகு இத்தகைய கருவிகளைத் தயாரிப்பதும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதும் கூடாது, ஆனாலும் அலமாரிகளில் மிச்சம் இருக்கிறது. ப்ளீச்சோடு ஆசிட் கிளீனரைக் கலந்தால் குளோரின் வாயு வரும். தேங்கிய சிறுநீர்மேல் ப்ளீச் ஊற்றினாலும் குளோரமின் வரும்.

இனி, உங்கள் திட்டத்துக்கு. கருவுற்றதைத் தெரிவித்த பிறகு, மீதிக் காலம் முழுவதற்கும் கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட். ஏப்ரனுக்கு அடியில் வயிற்று மட்டத்தில் தனி பேட்ஜ் கேளுங்கள், மாதாமாதம் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான தியேட்டர் வேலையை இந்த வரம்புக்குள் செய்துவிட முடியும். அணு மருத்துவத்தில் அயோடினையும், கீமோ கலக்குவதையும், எத்திலீன் ஆக்சைடு அறையையும் நான் ஒதுக்கச் சொல்வேன். உறுப்புகள் உருவாவது முதல் சில வாரங்களில், அதாவது பல நேரம் உங்களுக்கே தெரியாத நாட்களில். அதனால் மேலதிகாரியிடம் பேசவேண்டிய நேரம் பரிசோதனைக் கோடு தெரிந்த பிறகல்ல, இப்போது. குளூட்டரால்டிஹைடு கருவைப் பாதிக்கிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. அங்கே காக்க வேண்டியது உங்கள் மூச்சை. கர்ப்பத்தில் கட்டுப்படாத ஆஸ்துமா தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லதல்ல, ஆகவே பீக் ஃப்ளோவைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு விஷயம் கேட்க வேண்டும். உங்கள் பிரிவில், பழசான திரவத்தைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து ஊற்றித் தொட்டியைக் கழுவுவது யார்? பெரும்பாலும் துப்புரவு செய்யும் அம்மாவாகத்தான் இருப்பார். ஊற்றும்போதுதான் ஆவி அதிகமாகக் கிளம்பும். அவருக்குப் பயிற்சி வகுப்பில் இடம் இருக்காது, பாட்டிலில் எழுதியிருப்பது அவர் மொழியில் இருக்காது. நாளைக்கு வேலைக்குப் போனதும் அவர் கையில் என்ன கையுறை இருக்கிறது, இரவில் அவரும் இருமுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். எக்ஸாஸ்ட் கேட்டு நீங்கள் எழுதும் கடிதத்தில் இரண்டு பேருடைய அறிகுறிகளும் தேதியோடு இருக்கட்டும்.